செத்தவர் கையை உயர்த்தவும்

எங்கள் தொழிலில் செத்தவர்தான் தன் சாவை அறிவிக்க வேண்டும்; அவருக்காக வேறு யாரும் அதைச் செய்ய முடியாது.

பழைய காலத்துப் போர்களை ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளால் நடத்திக் காட்டுவது எங்கள் வேலை. துப்பாக்கி பார்வைக்கு அசல் போலவே இருக்கும். உள்ளே இருந்து வருவது மிளகைவிடச் சற்றுப் பெரிய உருண்டை, மண்ணில் கிடந்து உக்கிப்போகிற வகை. பட்டால் சுள்ளென்று இருக்கும், அவ்வளவுதான். சாயம் ஒட்டாது, அடையாளம் தெரியாது. ஆகவே பட்டவர் தானாகவே கையை உயர்த்தி "ஹிட்" என்று சொல்லி, தலையில் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு வெளியே போக வேண்டும். காசு கட்டி விளையாட வருகிற அறுபது பேருடைய மனச்சாட்சியை நம்பி நடக்கிற தொழில் இது. வாடிக்கையாளர்களோடு மல்லுக்கட்டிச் சீவிக்கிறவர்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும்.

நான் சுவிஸ் நாட்டில், ஊஸ்டர் நகரில் ஒரு முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் வேலை செய்கிறவள். தையலும் தெரியும். அங்கே தாயாரைப் பார்க்க வந்த ரேட்டோ என்ற வரலாற்று ஆசிரியர், நான் பொத்தான் தைக்கிற வேகத்தைப் பார்த்து, தான் நடத்துகிற போர் விளையாட்டுக்கு அறுபது இராணுவச் சட்டை தைத்துத் தருவீர்களா என்று கேட்டார். சட்டையைக் கொடுக்கப் போன அன்று நடுவர் வரவில்லை. என் பிள்ளைகளை நான் கூப்பிட்ட சத்தம் காட்டின் மறுகரை வரைக்கும் கேட்டதாம். அன்றிலிருந்து நானே நடுவர்.

நாங்கள் நடத்துவது 1847இல் சுவிஸ்காரர் தங்களுக்குள்ளே பிடித்த சண்டை. கத்தோலிக்க மாநிலங்கள் சில ஒரு பக்கம், மத்திய அரசின் படை மறுபக்கம். ஒரு மாதம்கூட அது நீடிக்கவில்லை. எங்களுக்கு மூன்று வருடமாக நிலம்தான் நீடிக்கவில்லை. இரண்டு இடத்தில் துரத்திவிட்டார்கள். கடைசியில் ஃப்ராவ் கேகி என்ற விவசாயப் பெண்மணி தன் புல்வெளியையும் அதையொட்டிய காட்டையும் ஒரே ஒரு பருவத்துக்கு, பரீட்சார்த்தமாகத் தந்தார். எழுபது வயது, பதினான்கு இளம் பசுக்கள், ஒரே ஒரு சட்டம்: வேலியில் மூடியிருந்ததை மூடிவிட வேண்டும், திறந்திருந்ததைத் திறந்தபடி விட வேண்டும். ஒக்டோபர் கடைசிச் சண்டை முடிந்ததும் அடுத்த வருடம் பற்றிச் சொல்வதாக ஏற்பாடு.

நான் சலவை வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்டு இதில் இறங்கியிருந்தேன். நிலம் போனால் திரும்பவும் முழுநேரமும் படுக்கை விரிப்பு மடிக்க வேண்டியதுதான். அதனால் ஒவ்வொரு சண்டை முடியவும் ஃப்ராவ் கேகியிடம் போய், "எப்படி இருந்தது?" என்று சிரித்துக்கொண்டே கேட்பேன். அவர் சிரிக்காமல் ஒரே பதில்தான் சொல்வார்: "மால் லூகே." பார்ப்போம் என்று பொருள். இந்த நாட்டில் முப்பது வருடம் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தச் சொல்லைக் கேட்டு யாரும் பெட்டி படுக்கையை அவிழ்ப்பதில்லை.

ஒரே சிவப்பு

அந்த நிலத்தில் முதல் சண்டையிலேயே மானம் போனது, அதுவும் என்னால். மத்திய அரசுப் படைக்குக் கையில் சிவப்புப் பட்டி, அதில் வெள்ளைச் சிலுவை. செத்தவர் தலையில் போடுகிற துணியும் இந்த விளையாட்டில் வழக்கமாகச் சிவப்புத்தான். மலிவாகக் கிடைத்த ஒரே சுருள் துணியில் இரண்டையும் வெட்டித் தைத்துவிட்டேன். சிக்கனம் என்று எனக்குள் பெருமை வேறு.

சண்டை தொடங்கிப் பத்து நிமிடத்தில் மற்றப் பக்கத்தார் சுடுவதை நிறுத்திவிட்டார்கள். மரங்களுக்கிடையில் சிவப்பைக் கண்டதும், பாவம் செத்துவிட்டார்கள் என்று துப்பாக்கியைத் தாழ்த்தி வணக்கம் சொல்லி வழியும் விட்டார்கள். அரசுப் படை நடந்துபோய்க் கோட்டையைப் பிடித்தது. உண்மையாகவே செத்தவர்களும் அவர்களோடு சேர்ந்து போனார்கள், ஏனென்றால் அவர்களை யாரும் தடுக்கவில்லை. கடைசியில் தபாற்காரராக வேலை செய்கிற ஒரு சிப்பாய் என்னிடம் வந்து தொப்பியைக் கழற்றி மரியாதையாகக் கேட்டார்: "மன்னிக்க வேணும் நடுவர் அம்மா, நான் இப்ப செத்தவனோ, அரசாங்கமோ?"

அடுத்த கிழமையே அறுபது மஞ்சள் துணி தைத்தேன், நான்காக மடித்து அழுத்தி ஆளுக்கொன்று கொடுத்தேன்.

பதின்மூன்று எங்கே?

அந்தக் காலத்துத் துப்பாக்கியை ஒரு தரம் சுட்டால் திரும்ப மருந்து இடிக்க நேரம் எடுக்கும். எங்கள் துப்பாக்கிக்கு அந்தத் தொல்லை இல்லை. எனவே ஒரு விதி வைத்திருக்கிறோம்: ஒரு முறை சுட்டதும் சத்தமாக இருபது வரை எண்ண வேண்டும், அதன் பிறகுதான் அடுத்த சூடு. எந்த மொழியில் எண்ணினாலும் சரி என்று ரேட்டோ தாராளமாக எழுதிவைத்திருந்தார். அவர் நல்ல மனிதர், ஆனால் ஊர் உலகம் தெரியாது.

ஜூன் மாதம் ரெனானிலிருந்து நாலு பெடியள் வந்தார்கள். பிரெஞ்சு கதைக்கிற பக்கம் பிறந்து வளர்ந்த எங்கள் தமிழ்ப் பிள்ளைகள். மற்றவர்கள் இரண்டு தரம் சுடுவதற்குள் அவர்கள் மூன்று தரம் சுட்டார்கள். முறைப்பாடு மேல் முறைப்பாடு. கிட்டப் போய் நின்று கேட்டேன். ஒருவர் வெகு பவ்வியமாக உரத்த குரலில் எண்ணிக்கொண்டிருந்தார்: "பத்து, பதினொண்டு, பன்ரெண்டு, பத்தொம்பது, இருவது." பக்கத்தில் நின்ற சுவிஸ்காரர் ஒருவர், அந்த மொழியில் எண்கள் குறைவாக்கும் என்று மற்றவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

நடுவருக்குக் கண்ணாடி, முகமூடி, கழுத்துச் சால்வை, பெரிய தொப்பி எல்லாம் உண்டு. நான் எந்த நாட்டவள் என்று என்னைப் பெற்றவருக்கே தெரியாது. மெதுவாகக் குனிந்து, "தம்பி, பதின்மூண்டு எங்கை?" என்றேன். துப்பாக்கி கையிலிருந்து நழுவிவிட்டது. அதைக் குனிந்து எடுத்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, இந்தக் காட்டுக்கை நீங்கள் இருப்பியள் எண்டு ஆர் நினைச்சது?"

அறுபது கோப்பை

எங்கள் சமையல் செல்வம் அண்ணை. மன்னார்க்காரர். சூக் நகரில் ஓர் உணவகத்தில் இருபது வருடமாக அடுப்படியில் நிற்கிறவர், எங்களுக்காக ஞாயிறு லீவு எடுத்து வருவார். ஊரில் நடந்த உண்மையான சண்டையில் தம்பியைப் பறிகொடுத்தவர். அதனால் அவரைக் கேட்கவே எனக்குத் தயக்கம். அவர் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டார். அறுபது என்றேன். சரி, வாறன் என்றார்.

அவர் வந்த முதல் நாள் காட்டுக்குள் வெடிச்சத்தம் தொடங்கியதும் நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. மத்தியானம் மஞ்சள் துணியைத் தலையில் போட்டபடி செத்தவர்கள் ஒவ்வொருவராக வரிசைக்கு வந்தார்கள், பிறகு உயிரோடு இருந்தவர்கள் வந்தார்கள். இரண்டு பக்கத்தாரும் ஒரே நீள மர வாங்கில் உட்கார்ந்து கறியும் சோறும் சாப்பிட்டு, யார் யாரைச் சுட்டது என்று சண்டை பிடித்தார்கள். அண்ணை சாப்பிட்டு முடித்த சோற்றுக் கோப்பைகளை அடுக்கினார், பிறகு இன்னொரு தரம் எண்ணினார், ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார். நான் பயந்துபோய், என்ன அண்ணை என்று கேட்டேன்.

"அறுவது பேருக்குச் சமைச்சன், அறுவது பேரும் சாப்பிட வந்திட்டாங்கள். இப்பிடிச் சண்டை எண்டால் நான் சாகுமட்டும் சமைப்பன்."

இந்த வேலையை விடக்கூடாது என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்.

சாகாவரம் பெற்றவர்

ஹெர் ஸ்டால்டர் சூக்கில் வரி ஆலோசகர். நேரத்துக்கு வருவார், எல்லோருக்கும் கை கொடுப்பார், குப்பையைப் பிரித்துப் போடுவார். ஒரே ஒரு குறை: அவர் சாகமாட்டார். பத்தடி தூரத்தில் மூன்று பேர் சேர்ந்து சுட்டாலும், நனையாத பனங்கொட்டை மாதிரி ஒன்றும் உறைக்காமல் நிற்பார். நாலு சண்டையில் எல்லோரும் துணியை எடுத்து எடுத்துக் கசக்கிவிட்டார்கள். அவருடைய மஞ்சள் துணி மட்டும் நான் மடித்துக் கொடுத்த மடிப்போடு சட்டைப் பையில் இருந்தது.

ஒரு நாள் என் கண் முன்னாலேயே அவர் நெஞ்சில் பட்டுத் தெறித்ததைக் கண்டு, அருகில் போய்க் கேட்டேன். சட்டை பெரிது, குண்டு சட்டையில் பட்டதே தவிரத் தன்னில் படவில்லை என்றார். குற்றம் தையற்காரி தலையில். சரி என்று சட்டையை வாங்கிக்கொண்டு போய், இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்து, மூச்சு விட மட்டும் இடம் வைத்துக் கொடுத்தேன். அடுத்த சண்டையில் முதுகில் படபடவென்று ஏழெட்டு விழுந்தது. திரும்பிப் பார்த்து மிகவும் பணிவாகச் சொன்னார்: "சட்டை சரியான இறுக்கம் அம்மா, எனக்கு ஒண்டுமே உணரேலாமல் கிடக்கு."

கடைசிச் சண்டை

ஒக்டோபர் ஞாயிறு. காலைப் பனிப்புகார் விலகி நல்ல வெயில். ஃப்ராவ் கேகி களஞ்சியத்து வாசலில் கதிரை போட்டு இருந்தார். எல்லாம் ஒழுங்காக நடந்தது. அரசுப் படை வென்று, தளபதி வேடத்தில் நின்ற ரேட்டோ வாளை உயர்த்துகிற நேரம், மாட்டு மணிச் சத்தம் கேட்டது. மணி கேட்பது இங்கே புதினமில்லை. ஆனால் அது தெருப்பக்கமிருந்து கேட்டது.

பதினான்கும் வெளியே. அரைவாசி பக்கத்து வயலில் இலைக்கோசைச் சாப்பிட்டுக்கொண்டும் மிச்சம் தெருவில் நின்றுகொண்டும் இருந்தன. அவை சாரதியின் பொறுமையைச் சோதிக்க, பஸ் ஒன்று நகர வழியில்லாமல் நின்றது. அறுபது சிப்பாய்களும் கட்சி பேதமில்லாமல் கைகோத்து வளைத்தார்கள். செல்வம் அண்ணை பாண் ரொட்டித் துண்டுகள் போட்ட வாளியோடு முன்னே நடக்க, மாடுகள் பின்னால் வந்தன. ஒன்றுக்கும் காயமில்லை. நான் மட்டும் மனதுக்குள் படுக்கை விரிப்பு மடிக்கத் தொடங்கியிருந்தேன்.

மின்வேலியின் கைப்பிடியைக் கழற்றி உள்ளே போன யாரோ திரும்பக் கொழுவவில்லை. ஃப்ராவ் கேகி எல்லோரையும் வரிசையில் நிற்கச் சொன்னார். சத்தம் போடவில்லை. மாடு வந்துவிட்டது, கோசுக்காரருடன் தானே கதைப்பேன், யார் திறந்தது என்று மட்டும் தெரிய வேண்டும் என்றார். ஒருவரும் அசையவில்லை. நானே செய்தேன் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் பொய்யாகச் சாகிற நடுவரை யார் நம்புவார்கள்? ஒரு பருவம் முழுவதும் மனச்சாட்சி மனச்சாட்சி என்று கத்தியவளுக்கு அந்த மௌனம் பெரிய வெட்கம்.

அப்போது பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. ஹெர் ஸ்டால்டர். பின்பக்கமாக வந்து சுடுவதற்காக, மாடுகள் நின்ற புல்வெளிக்குள்ளால் போயிருக்கிறார். முகம் சிவந்திருந்தது. மற்றக் கையால் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தார். நான்கு மடிப்பும் கலையாமல் இருந்தது. அதை விரித்துத் தலையில் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி, "ஹிட்" என்றார்.

யாரோ ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். என் கண்ணாடிக்குள் புகார் பிடித்துவிட்டது. ஃப்ராவ் கேகி அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தரம் பார்த்தார். நான் கிட்டப் போனேன், ஆனால் எப்படி இருந்தது என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அவர் நான் கேட்காமலே சொன்னார்: "மே மாசம் முதல் புல்லு வெட்டினாப் பிறகு வாங்கோ. அந்தாளையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ, இனி வேலிக்கு அவர்தான் பொறுப்பு."

ஒரு பருவம் முழுவதும் எத்தனை பேர் சுட்டும் சாகாத மனிதரைக் கடைசியில் பதினான்கு மாடுகள் சாய்த்தன, அந்த ஒரு சாவில்தான் எங்கள் எல்லோருடைய பிழைப்பும் ஓடுகிறது.