மைக்கில் வந்த பாராட்டு

எழுபதுகளின் கடைசியில் காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு எழுத்தர் வேலை. மனைவிக்குப் பாண்டிச்சேரியில் டீச்சர் வேலை. மகளும் அவளோடு இருந்தாள். வாரமெல்லாம் அலுவலகம், சனி ஞாயிறு எங்கள் அலுவலகக் கால்பந்து அணி. பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறி, காரைக்கால் எல்லையான பூவம் தாண்டினால்தான் எனக்கு மூச்சே வரும். அதுவும் ஆட்டம் இல்லாத வாரத்தில்தான்.

அணியின் தலைமைப் பயிற்சியாளர் தங்கமான மனிதர். கபடியில் புலி. கால்பந்தில் நம் கோல் எந்தப் பக்கம் என்பதைத் தவிர அதிகம் தெரியாது. நான் துணைப் பயிற்சியாளர். எதிரணியில் ஓட்டை எங்கே, யாரை எங்கே நகர்த்துவது என்பதெல்லாம் என் மண்டையில்தான் ஓடும். இடைவேளையில் என்னை ஓரமாக அழைத்து, "தம்பி, என்ன செய்யலாம் சொல்லுங்க" என்பார். நான் சொன்னதை மைதானம் அதிர முழங்குவார். ஊர் அவரைத்தான் மூளைக்காரர் என்றது. எனக்கு வயிறு எரியும். ஒருமுறை நானே பையன்களிடம் சொல்லிப் பார்த்தேன். மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் பழையபடியே ஆடினார்கள். அந்தக் குரல் எனக்கு இல்லை.

பாண்டிச்சேரிக்கு மாற்றல் கேட்டு நடையாய் நடந்தேன். தலைமைப் பயிற்சியாளரிடம் மூச்சு விடவில்லை; சொன்னால் மனிதர் உடைந்துபோவார். அணியின் மேல் உயிராக இருந்த மேலதிகாரி ஒருவழியாக இறங்கி வந்தார். "ஃபைனல் முடியட்டும், திங்கக்கிழமை கையெழுத்து போட்டுடறேன். துணைக் கோச்சுதானே, வேற யாரையாவது போட்டுக்கலாம்" என்றார். அந்தத் 'தானே' எனக்குத் தேனாக இனித்தது.

ஃபைனல் பார்க்க மனைவியும் மகளும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இடைவேளையில் நாங்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம்.

"அவங்க வலது பேக்கு களைச்சிட்டான் சார். நம்ம நெரவி ஊருப் பையன இடது விங்குக்கு மாத்துங்க" என்றேன். அவர் முழங்கினார். நெரவிப் பையன் இரண்டு கோல் போட்டான்.

கோப்பையை வாங்கியதும் அவர் மைக்கைப் பிடித்தார். "இந்தக் கப்பு என்னுது இல்லீங்க. இத்தனை வருஷமா நான் சொன்னதெல்லாம் இந்தத் தம்பி சொல்லிக்கொடுத்தது. இவரு இல்லேன்னா நான் வெறும் தொண்டைதாங்க."

மைதானமே கைதட்டியது. இதைக் கேட்கத்தான் அத்தனை வருடம் ஏங்கியிருந்தேன். மேலதிகாரி எழுந்து வந்து என் தோளைத் தட்டி, மைக்கை வாங்கினார்.

"இவ்வளவு நாளும் தெரியாமப் போச்சே. இவரப் போயி பாண்டிக்கு அனுப்ப இருந்தேனே. இனிமே எங்கயும் விடறதா இல்ல" என்று சிரித்தார். கைதட்டல் இன்னும் கூடியது.

தலைமைப் பயிற்சியாளர் கண்ணீரோடு என்னைக் கட்டிக்கொண்டார். அவரைப் பிடித்துத் தள்ளிவிட வேண்டும்போல இருந்தது. "நன்றிங்க சார்" என்றேன்.

முன்வரிசையில் மகள் துள்ளித் துள்ளிக் கைதட்டிக்கொண்டிருந்தாள். என் மனைவி அவள் கைகளைப் பிடித்து நிறுத்தினாள்.