சண்டை வேறு, அடி வேறு

"உன் குடத்த எட்த்துகினு போடி! இன்னா, பம்பு உங்க நைனா போட்டதா?" என்று ராஜம்மா கை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். எதிரில் நின்ற பக்கத்து வீட்டு சுசீலாவும் விடவில்லை. நான் பருத்திப்பட்டுக்குக் குடிவந்த புதிது. பதறிப்போய் விலக்கிவிடப் போனேன். ராஜம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ போ சார். சொம்மா பேசிகினு கீறோம்."

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட்டு கம்பெனியில் அவளுக்கு பேக்கிங் வேலை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை, ரேஷன் கடையில் எடைக்குச் சண்டை. முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதே ஆளிடம் வெற்றிலை கேட்பாள். ஆனால் தெருவில் யாராவது பிள்ளை மேல் கை ஓங்கினால் அவள் குரல் சட்டென்று இறங்கிவிடும். "வாயால இன்னா வோணா திட்டு. கை வாணாம்."

அவள் கணவன் ஜெயராமன் குடித்துவிட்டு வந்து வருஷக்கணக்காக அடித்தவன். புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று தெரு கதவைச் சாத்திக்கொள்ளும். நான் குடிவருவதற்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் உலக்கையைத் தூக்கினான். சாக்கடைத் தகராறில் அவளோடு பேச்சே விட்டிருந்த சுசீலா, துணி துவைத்த சோப்பு நுரையோடு ஓடிவந்து குறுக்கே நின்றாள். அடி அவள் மணிக்கட்டில் விழுந்தது. முறிந்த கையைப் பிடித்துக்கொண்டே, "இன்னொருவாட்டி தூக்கு, பாப்பம்" என்றாளாம். அவன் உலக்கையைக் கீழே போட்டான். அன்று மாலையே தெரு கூடி அவனை வெள்ளானூருக்கு, அண்ணன் வீட்டுக்கு அனுப்பியது. ராஜம்மா திரும்ப அழைக்கவில்லை.

"எங்கம்மாவே 'பொறுத்துக்கோ'ன்னு தான் சொல்லிச்சு, சார். இவ தான் வந்தா. இன்னிக்கி நான் உசுரோட கீறேன்னா இவளால தான்."

தொண்ணூற்றொன்று ஜனவரி. வளைகுடாப் போர்ச் செய்தி பார்க்க என் வீட்டு டிவி முன் தெருவே உட்கார்ந்திருந்தது. பாக்தாத் வானத்தில் வெளிச்சம் சீறியது. "யார் மேல சார் தப்பு?" என்று சுசீலா கேட்டாள். நான் எண்ணெய், எல்லை என்று விளக்கத் தொடங்கினேன். ராஜம்மா இடைமறித்தாள்.

"அத்த உடு சார். குறுக்க போய் நிக்க அங்க ஒருத்தரும் இல்லியா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. அன்று முறிந்த மணிக்கட்டு எலும்பு சரியாகக் கூடாததால் சுசீலாவால் தன் தலையைத் தானே பின்ன முடியாது. "இன்னாடி தல இது, காக்கா கூடு மாரி" என்று திட்டியபடி அவளை இழுத்துத் தன் முன்னால் உட்காரவைத்து, ராஜம்மா சிக்கெடுக்க ஆரம்பித்தாள். சீப்பு இழுக்கும்போது வலிக்காமலிருக்க, இன்னொரு கையால் முடியை வேரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.