தலை வெட்டினால் தழைக்காத மரம்

அடையாறில் எங்கள் வீட்டை ஒட்டிய பூங்காவில், காலை நடை முடித்த ஆண்கள் வரிசையாக ராயல் பாம் மரங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தொப் தொப் என்று இடித்துக்கொள்வார்கள். ரத்த ஓட்டத்துக்கு நல்லதாம். இடித்து முடித்ததும் திரும்பி மரத்தை அண்ணாந்து பார்த்து, "எவ்ளோ பழைய மரம், இன்னா கம்பீரம்" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியில் ஒரு படம் எடுப்பார்கள். படத்தில் மரத்தைவிட அவர்கள் முகம்தான் பெரிதாக விழும். அந்த மரங்களைப் பாக்கு என்பவர்கள் உண்டு, பனை என்பவர்கள் உண்டு. ஒருவர் தன் பேத்திக்குத் தென்னை என்று சொல்லிக்கொடுத்ததையும் கேட்டிருக்கிறேன். கணவரின் வேலை தரமணிக்கு மாறியதால் மலேசியாவின் கிள்ளானிலிருந்து இங்கே வந்து குடியேறிய நான், ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். இந்த ஊர்க்காரர்கள் திருத்தினால் நன்றி சொல்வார்கள். மறுநாள் அதே தவற்றை இன்னும் சத்தமாகச் செய்வார்கள்.

கிள்ளானிலும் தெலுக் இந்தானிலும் இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் எண்ணெய்க்காக நட்ட செம்பனைக்கு நடுவே வளர்ந்தவர்கள். என் அப்பா தோட்டத்தில் மண்டோராக வேலையாட்களை மேய்த்தவர். பழுத்த குலைக்குக் கீழே இரண்டு மட்டைகளை விட்டுத்தான் வெட்ட வேண்டும். கூடுதலாக ஒரு பச்சை மட்டை விழுந்துவிட்டால் அப்பாவின் வாயிலிருந்து வரும் சொற்கள் அச்சில் ஏறாது. ஆனால் முதிர்ந்த மரம் என்று ஒன்றை நான் அங்கே பார்த்ததே இல்லை. கால் நூற்றாண்டு ஆகி, கொக்கி அரிவாளுக்கு எட்டாத உயரம் வந்ததும், தண்டில் துளை போட்டு மருந்து ஊற்றிக் கொன்றுவிடுவார்கள். நின்றபடியே கருகி மட்டைகள் தொங்கிப்போன மரங்களுக்கு நடுவே பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். நாம் யாரும் அவற்றை அண்ணாந்து பார்த்ததில்லை.

அதனால்தான் இந்தப் பூங்காவில் முதல் நாள் நடக்காமல் நின்றுவிட்டேன். சிமென்டில் வார்த்ததுபோல் சாம்பல் நிறத் தண்டு, அதில் உதிர்ந்த மட்டைகள் விட்டுச்சென்ற வளையங்கள், உச்சியில் பச்சைக் கழுத்து, அதற்கும் மேலே காற்றை வாரிக்கொண்டிருக்கும் கொண்டை. பனைக் குடும்பத்து மரம் ஒன்று கிழமாகலாம், அதற்காக அதை யாரும் கொல்ல மாட்டார்கள் என்பது ஐம்பது வயதில் எனக்குப் புதுச் செய்தியாக இருந்தது. இந்த ஊரில் நான் முழு மனதோடு மதித்தது அந்த மரங்களை மட்டும்தான்.

போன கோடையில், இருப்பதிலேயே உயரமான மரத்தின் மட்டை ஒன்று சுவருக்கு வெளியே நின்ற காரின் மேல் விழுந்தது. உடனே நடைப்பயிற்சியாளர் சங்கம் கூடியது. செயலாளர் சபேசன் ஓய்வுபெற்ற பொறியாளர். மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் தன் குடும்பம் எத்தனை தலைமுறையாக இருந்தது என்பதைச் சொல்லாமல் அவர் எந்தக் கூட்டத்தையும் தொடங்கியதில்லை. முதல் தீர்மானம், மரங்களுக்கு முன்னால் 'நம் பாரம்பரியச் செல்வம்' என்று பலகை வைப்பது. இரண்டாவது தீர்மானம், அந்தச் செல்வத்தின் தலையை எடுப்பது. இரண்டுக்கும் ஒரே கைதட்டல்.

"உசரத்தைக் கொறைச்சுட்டா மட்டை விழுந்தாலும் பலமா அடி படாது. மொதல்ல இந்த ஒண்ணை வெட்டிப் பாப்போம். ரெண்டு மழைக்குத் தழைச்சுண்டு வந்துடும்" என்றார் சபேசன்.

"இந்த மரத்துக்கு ஒரே குருத்துதான் சார். அதை வெட்டினா மரமே செத்துப்போயிடும்" என்றேன்.

"ஏன் மேடம், எங்காத்து முருங்கையை வருஷா வருஷம் இடுப்பளவுக்கு வெட்டறோம். பிச்சுண்டு வளர்றது. முருங்கைக்குத் தெரிஞ்சது இதுக்குத் தெரியாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். "மலேசியால மரம்லாம் ரொம்ப சென்சிடிவ் போல, மாமா" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் எடுத்துக்கொடுத்தார்.

"நிச்சயமா சாகும் சார். பாத்துட்டே இருங்க."

சபேசனின் முகம் சுருங்கியது. "காலங்கார்த்தால அப்படியெல்லாம் வாய்விடாதீங்கோ" என்றார்.

மரத்தை வெட்டத்தான் அனுமதி வேண்டும், கத்தரிக்க வேண்டாம் என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். கூலிக்கு மரம் ஏறியவர் வேலையை முடித்து இறங்கி, "மொட்ட அடிச்ச மாரி கீது சார்" என்றார். கீழே விழுந்த பச்சைக் கழுத்தைப் பிளந்தபோது உள்ளே வெண்ணெய் நிறத்தில் குருத்து இருந்தது. யாரோ கத்தியைக் கொண்டுவந்தார்கள். கோயிலில் தேங்காய்ப் பத்தை கொடுப்பதுபோல் ஆளுக்கொரு துண்டு கைமாறியது. "இனிக்குதுல்ல?" என்று கேட்டுக்கொண்டே தின்றார்கள். எனக்கும் ஒரு துண்டு நீட்டப்பட்டது. வாங்கவில்லை. மரம் வளர்வதற்கு வைத்திருந்த ஒரே இடத்தை மென்று விழுங்கிவிட்டு, மறுநாள் காலையிலிருந்து துளிர் வருகிறதா என்று அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார்கள். அடியில் வேப்பம் புண்ணாக்கு போட்டார்கள். ஒருவர் வீட்டிலிருந்து மோர் கொண்டுவந்து ஊற்றினார். கிள்ளானில் ஒரு செம்பனையைக் கொல்கிறவனுக்குத் தான் கொல்கிறோம் என்றாவது தெரியும்.

மழைக்காலத்தில் உச்சியில் உண்மையாகவே பச்சை தெரிந்தது. சபேசன் பூங்காவைச் சுற்றிக்கொண்டு என்னைத் தேடி வந்தார்.

"பாத்தேளா மேடம்? தழைச்சுடுத்து."

அவர் நீட்டிய கைப்பேசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நுனி நீண்ட இதய வடிவ இலைகள் இரண்டு. அழுகத் தொடங்கிய உச்சியில் ஏதோ பறவையின் எச்சத்தில் முளைத்த அரசங்கன்று.

"இது அரச மரம் சார்."

"இருக்கட்டுமே. பச்சைதானே?" என்றார். ராயல் பாம் தண்டில் அரச இலை துளிர்ப்பதில் ஒரு பொறியாளருக்கே ஆட்சேபணை இல்லாதபோது நான் யார்?

அடுத்த பெருங்காற்றில் தண்டு நடுவில் முறிந்தது. விடியற்காலை என்பதால் கீழே யாரும் இல்லை. உள்ளே நனைந்த நார்தான் இருந்தது. இனியாவது புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். என்னோடு நடக்கும் பிலோமினா டீச்சர், பள்ளியிலிருந்து ஓய்வுபெற்றும் ஊர் வம்பிலிருந்து ஓய்வுபெறாதவர், இரண்டு நாள் கழித்து விஷயத்தைச் சொன்னார்.

"உங்களுக்குக் கருநாக்காம். நீங்க சொன்னதாலதான் மரம் செத்துச்சாம். சபேசன் சார் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியுறாரு."

"நாக்கை நீட்டிக் காட்டட்டுமா டீச்சர்?"

"வேணாம்மா. எனக்கு ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போகணும், நல்லபடியா இருக்கணும்" என்று சிரித்தார். சிரித்தாலும், தினமும் புலம்பும் தன் மூட்டுவலியைப் பற்றி, நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று, ஒரு வாரம் என்னிடம் பேசவே இல்லை.

முறிந்த மரத்தைக் காட்டி, மற்ற மரங்களும் இப்படி விழுவதற்குள் எல்லாவற்றின் தலையையும் எடுத்துவிட வேண்டும் என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. அந்தக் கூட்டத்துக்கு நான் தயாராகப் போனேன். குருத்து, தண்டு, வேர் என்று வரிசையாகச் சொல்ல வேண்டியதை வீட்டிலேயே சொல்லிப் பார்த்திருந்தேன். இந்த முறை தோற்றால் மிச்சம் எதுவும் நிற்காது. நான் எழுந்து நின்றதுமே சபேசன் இரண்டு கைகளையும் தூக்கினார்.

"மேடம், தயவுசெஞ்சு வாயைத் தொறக்காதீங்கோ. தொடலை. ஒண்ணையும் தொடலை."

"இல்ல சார், நான் சொல்ல வந்தது..."

"சொல்லவே வேண்டாம். தீர்மானம் வாபஸ்."

கூட்டம் முழுவதும் என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்துவிட்டேன். அப்பாவின் தோட்டத்து அறிவுக்கு இறங்காத சங்கம் என் நாக்கின் நிறத்துக்கு இறங்கிவந்தது. இவர்களுக்கு நான் போட்ட எடை குறைவு என்று இனி யாரும் என்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மரங்கள் தப்பின.

இப்போது தலையோடு நிற்கும் ஒவ்வொரு மரத்திலும் ஆளுயரத்தில் ஒரு பூசணிக்காய் கட்டித் தொங்குகிறது. கோரைப்பல், பிதுங்கிய கண், முறுக்கிய மீசை எல்லாம் வரைந்து, கண்ணேறு படாமல் இருக்கச் சபேசன் தன் கையால் கட்டியவை. அத்தனை முகங்களும் நான் வழக்கமாக உட்காரும் பெஞ்சைப் பார்த்தே திரும்பியிருக்கின்றன. போன வாரம் கிள்ளானிலிருந்து தங்கை பேசினாள். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் மரங்களைச் சாய்த்து மறுநடவு முடிந்துவிட்டதாம், கன்றுகள் முழங்கால் உயரம் இருக்கின்றனவாம். "அக்கா, வந்து இங்கயே இருந்துடேன்" என்றாள். என் வயது மரம் ஒன்றுகூட அந்தத் தோட்டத்தில் நிற்காது. இங்கே நிற்கிறது, என்னிடமிருந்து பாதுகாக்கப்பட்டு. இன்று காலையும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். மேலே கொண்டை தாராளமாக அசைந்துகொண்டிருந்தது. கீழே பூசணிக்காய் என்னை முறைத்துக்கொண்டிருந்தது.