சலேத்தம்மாள் அடித்த ஆணி

போன வாரம் கந்தர்வக்கோட்டை பஸ் கண்டக்டர் என் மருந்துக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்காமலே, "நர்ஸம்மா போயிட்டாங்க சார், நாளைக்கு அடக்கம்" என்றார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் சலேத்தம்மாள் கையில் பிறந்தவர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் விசில் கொடுத்தார்.

சமஸ்தானக் காலத்தில் ஆவூர்ப் பிரசவ விடுதியில் சலேத்தம்மாள் நர்ஸ், நான் கம்பவுண்டர். நான் கலக்கிய மருந்தை எடுத்து ஒருமுறை முகர்ந்து பார்ப்பார். "ஒங்கள நம்பாம இல்லைங்க, மூக்கு சும்மாத்தானே இருக்கு" என்பார். நம்மைக் கோபப்படக்கூட விடமாட்டார்.

மழைக்காலத்தில் சமையற்கட்டிலிருந்து முற்றம் தாண்டி வருவதற்குள் வெந்நீர் ஆறிவிடும். பிறந்த பிள்ளைகள் குளிரில் நடுங்கும். அவர் நச்சரித்து நச்சரித்துக் குழாய் வைத்த பெரிய செம்புத் தொட்டி ஒன்றை வரவழைத்தார். சாக்குச் சுற்றி வைத்தால் நெடுநேரம் சூடு தாங்கும். தரையில் வைத்தால் தாய்மாரோடு வரும் வாண்டுகள் சுட்டுக்கொள்ளும். சுவரில் பலகை அடித்து அதன்மேல் ஏற்றியாக வேண்டும். சுவரோ பழையது, மூங்கில் பிளாச்சுக்கு மேல் சுண்ணாம்பு பூசியது. கண்ட இடத்தில் ஆணி அடித்தால் பொலபொலவென்று கொட்டிவிடும். தச்சர் தட்டித் தட்டிப் பார்த்து, உள்ளே மரக்கால் நிற்கும் இடங்களில் கரியால் கோடு போட்டார். பிறகு சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

"உள்ள புள்ளத்தாச்சிங்க இருக்கையில செவுத்துல ஆணி அடிக்கக் கூடாதுங்க. யாரும் இல்லாத நாளாப் பாத்து வாரேன்."

பிரசவ விடுதியில் அப்படி ஒரு நாள் ஏது? கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஆணி அடித்தால் பிள்ளைக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை, வேதக்காரர்களான கிறிஸ்தவர்களும் அதற்கு விலக்கில்லை. கட்டிலில் இருந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். சலேத்தம்மாள் அவர்களைக் கேலி செய்யவில்லை. "நீங்க எல்லாம் கோயில்ல போயி உக்காந்திருங்க, நான் அடிக்கிறேன்" என்றார்.

அப்போது அவருக்கே ஆறு மாதம். பல வருஷம் ஏங்கிக் கிடைத்த பிள்ளை. தச்சர் பதறிப்போய்த் தடுத்தார். "வந்தா எனக்கு மட்டும் வரட்டுங்க" என்றார் இவர். பயமே இல்லாதவர் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். ஒரு கையால் வயிற்றைப் பொத்திக்கொண்டு, மறு கையால் சுத்தியலை ஓங்கினார். ஆணியை நான் பிடித்துக்கொண்டேன். பலகை கெட்டியாக நின்றது, தொட்டி ஏறியது, குழாயில் வெந்நீர் வந்தது.

எட்டாம் மாதத்தில் அவர் பிள்ளை இறந்தே பிறந்தது.

ஊர் ஆணியைக் காட்டிப் பேசியது. தச்சர் அழுதுகொண்டே வந்து, கழற்றிவிடுகிறேன் என்றார். படுக்கையிலிருந்தபடியே, "கழட்டாதீங்க. மழை பிடிச்சிருக்கு, வெந்நி வேணும்" என்றார் சலேத்தம்மாள். அன்றைக்கு நான் மருந்தறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அவர் திரும்பி வேலைக்கு வந்ததும் வந்த முதல் பிரசவத்தில், பெண்ணின் தாய் அந்தத் தொட்டித் தண்ணீர் வேண்டவே வேண்டாம் என்று மறித்தார். சலேத்தம்மாள் குழாயடியில் கையை நீட்டிச் சூடு பார்த்தார்.

"பயப்படாதீங்க ஆத்தா. எம்புள்ளைக்குத்தான் குடுத்துவைக்கல. இது நல்ல வெந்நிங்க."

பிள்ளையைக் குளிப்பாட்டி, துணியில் சுற்றி, பெற்றவள் மடியில் வைத்தார். வைத்த பிறகும் அவர் கைகள் கொஞ்ச நேரம் ஏந்தியபடியே இருந்தன.

அந்தக் கைகளைத்தான் நான் இன்னும் நினைவில் வைத்திருக்கிறேன்.