பச்சையாகக் குடித்த தவசிக்கீரை

வாடாமல்லி நிறத்தில் ஒரு முகூர்த்தச் சேலையை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எதிரே மணப்பெண்ணும் அவள் வீட்டுப் பெண்கள் ஏழு பேரும். ‘இதைக் கட்டினா மாப்பிள்ளை தாலியை மறந்துட்டுச் சேலையையே பார்த்துக்கினு நிப்பாரும்மா’ என்று நான் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையில் சேர்ந்த நாள் முதல் சொல்லிவந்த வசனம். அன்று ‘மாப்பிள்ளை’ வரை வந்தேன். அதற்குமேல் காற்று இல்லை.

வாயைத் திறந்தபடி நின்றேன். பெண்ணின் அத்தை சிரித்தார். “மாப்பிள்ளைய நெனச்சி இவரே பயந்துட்டாரு பாரு!” எல்லோரும் சிரித்தார்கள். சேலையும் விற்றுவிட்டது.

வேடிக்கை பேசுகிறவனுக்கு நோய் வந்தால் முதல் சிக்கல் இதுதான். உதவிக்கு ஆள் வருவதில்லை, கைதட்டல் வருகிறது.

இதே போன்ற மூச்சுத்திணறலோடு, காரணம் தெரியாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்காக இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் பெரும்பங்கு எனக்கே சேரும்.

எனக்குத் தொப்பை இருந்தது. பட்டுக்கடையில் நாங்கள் மெத்தை விரித்து உட்கார்ந்து சேலை காட்டுவோம். குனிந்து முந்தியை இழுத்தால் எனக்கும் சேலைக்கும் நடுவே தொப்பை வந்து, அதுவும் ஒரு வாடிக்கையாளர் மாதிரி எட்டிப் பார்க்கும். அதைக் குறைக்க ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த இயற்கை உணவு முகாமுக்குப் போனேன். கதர்ச் சட்டைக்காரர் ஒருவர் ஒலிபெருக்கியில் சொன்னார்: “மாத்திரைக்குத்தான் பக்க விளைவு உண்டு. கீரைக்குக் கிடையாது.” வந்தவர்களுக்கெல்லாம் தவசிக்கீரைக் குச்சி இரண்டு கொடுத்தார்கள். மல்டிவைட்டமின் கீரை என்றும் சொல்வார்கள்.

அதைப் போல ஒரு நல்ல செடியை நான் பார்த்ததில்லை. கிணற்றடியில் ஊன்றினேன், பதினைந்து நாளில் துளிர்த்தது. ஒடித்தால் இரண்டாகக் கிளைக்கும். வெயில், பூச்சி, நான் என்று எதற்கும் அசையாது. ஒருமுறை நட்டால் வருடக்கணக்கில் இலை. என் மனைவி செல்வி வாரம் ஒருநாள் தேங்காய் போட்டுப் பொரியல் செய்தாள், பருப்பில் போட்டாள். பச்சைப் பட்டாணி வாசனை. அந்த இடத்தில் நின்றிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

நான் நிற்கவில்லை. காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கைப்பிடி பச்சை இலையை மிக்சியில் அடித்து, வடிகட்டி, பெரிய டம்ளர் நிறையக் குடித்தேன். தினமும். சமைத்தால் சத்துப் போய்விடும் என்று கதர்ச் சட்டை சொல்லியிருந்தார். இரண்டு மாதத்தில் பேண்ட் நழுவியது. கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று என்னையே ரசித்தேன்.

அதோடும் நிற்கவில்லை. நல்லது என்று தெரிந்ததை விற்காமல் இருக்க எனக்குத் தெரியாது. சேலை எடுக்க வந்த தாய்மார்களிடம் தொப்பையின் வரலாற்றைச் சொல்லி, ஈரத்துணியில் சுற்றிய குச்சிகளைக் கொடுத்தேன். ஓரிக்கையில் இருக்கும் என் மைத்துனன் மனைவி வசந்தாவுக்கு நானே போய் நட்டுக் கொடுத்தேன்.

பிறகுதான் அந்த வாடாமல்லிச் சேலை.

வறட்டு இருமல் வந்தது. பக்கத்துத் தெரு டாக்டர் ஆஸ்துமா என்றார். உறிஞ்சும் மருந்து கொடுத்தார். குறையவில்லை. அடுத்தவர் காசநோயாக இருக்கலாம் என்று மூன்று நாள் சளி எடுக்கச் சொன்னார். சளியே வராத இருமலில் சளி எடுப்பது எப்படி என்று கேட்டேன். “முயற்சி பண்ணுங்க” என்றார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. “டென்ஷனைக் குறைங்க. நீங்க ஜாலியான ஆளாச்சே!”

நாலரை மாதம். அத்தனை டாக்டர்களில் ஒருவராவது ‘என்ன சாப்பிடுகிறாய்’ என்று கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. கீரையை யாராவது டாக்டரிடம் சொல்வார்களா? உடம்பு தேற வேண்டுமே என்று இன்னும் ஒரு கைப்பிடி சேர்த்து அரைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

சென்னையில் ஒரு நெஞ்சக மருத்துவரிடம் போனோம். இளம்பெண். ஸ்பைரோமெட்ரி (குழாயில் வேகமாக ஊதி நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை) செய்தார். நான் உயிரைக் கொடுத்து ஊதினேன். வரைபடத்தில் கோடு எழும்பிய வேகத்திலேயே படுத்துவிட்டது.

“காலையில எழுந்ததுல இருந்து வாயில போறது எல்லாத்தையும் சொல்லுங்க” என்றார்.

காபி, இட்லி என்று வரிசையாகச் சொன்னேன்.

“அந்தப் பச்சைச் சாறை விட்டுட்டீங்களே” என்றாள் செல்வி.

“அது மருந்து இல்லம்மா, கீரைதான்” என்றேன்.

டாக்டரின் பேனா நின்றது. “என்ன கீரை? பச்சையாவா? எத்தனை நாளா?”

மறுமுறை வரும்போது ஒரு கிளையைக் கொண்டுவரச் சொன்னார். பட்டுச்சேலைப் பையில் போட்டுக் கொண்டுபோனேன். ஒரு மருத்துவ இதழிலிருந்த படத்தோடு வைத்துப் பார்த்தார். வெளிநாட்டில் உடம்பு இளைக்க இதே இலையைப் பச்சையாக அரைத்துக் குடித்தவர்களுக்கு இதே நோய் வந்திருக்கிறதாம். நுரையீரலின் கடைசிச் சிறுகுழாய்கள் வீங்கி, தழும்பாகி, அடைந்துபோகும் நோய். ஆஸ்துமாவில் சுருங்கிய குழாய் மருந்துக்கு விரியும். இதில் விரிய இடமே இல்லை.

“போனது திரும்புமா டாக்டர்?”

“திரும்பாதுங்க. இருக்கறதைக் காப்பாத்தலாம். உங்க வயசுக்காரர் ஊதறதுல மூணுல ஒரு பங்குதான் உங்களுக்கு இருக்குது.”

“சமைச்சுத் தின்னவங்களுக்கு?” என்று செல்வி கேட்டாள்.

“அளவா வேகவச்சு சாப்பிட்டவங்களுக்கு வந்ததா நான் படிச்சதில்ல. ஆனா உங்க வீட்டுக்கு இனி அந்தச் செடி வேணாம்.”

ஸ்டீராய்டு (அழற்சியை அடக்கும் மருந்து) மாத்திரை கொடுத்தார். முகம் பூசணியானது. நான் பாடுபட்டுக் குறைத்த தொப்பையை அந்த மாத்திரை மூன்றே வாரத்தில் திருப்பிக் கொடுத்தது. மூச்சை மட்டும் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செடியை வெட்டினேன். நாலு வெட்டு, உட்கார்ந்து இளைப்பு, மறுபடி நாலு வெட்டு. மூன்று வாரத்தில் அடிக்கட்டையிலிருந்து துளிர் விட்டது, தளதளவென்று. அத்தனை ஆத்திரம் எனக்கு எந்த மனிதன் மீதும் வந்ததில்லை. செல்விதான் கடப்பாரையால் வேரோடு கெல்லினாள். அந்த இடத்தில் பசலைக்கொடி போட்டாள். அது வெந்த பிறகுதான் நான் ஏறெடுத்துப் பார்ப்பேன்.

கடையில் புதுச்சரக்கு வந்தால் சொல்வதற்கு வாடிக்கையாளர் விலாசம் எழுதிவைக்கும் நோட்டு உண்டு. குச்சி வாங்கியவர்கள் என்று நினைவுக்கு வந்த பதினொரு பேருக்குக் கார்டு போட்டேன். நான்கு பதில் வந்தது. ஒன்றில் ‘உங்கள் நகைச்சுவைக் கடிதம் கண்டு வீட்டில் அனைவரும் சிரித்தோம்’ என்றிருந்தது. மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது.

வசந்தாவுக்குக் கார்டு போதாது. நேரில் போனேன். அவள் வீடு மாடியில். பதினான்கு படிக்கு மூன்று முறை உட்கார்ந்தேன். இளைத்திருந்தாள். கையில் அந்தப் பச்சை டம்ளர்.

“வசந்தா, அதைக் கீழ ஊத்து.”

“ஏன்ணா? உங்க தொப்பை திரும்பிடுச்சி, என்னோடது கரைஞ்சிடுச்சின்னு பொறாமையா?”

“நான் வெளையாடலம்மா. நுரையீரல் போயிடும். எனக்குப் போயிடுச்சி.”

“போன மாசம் குடி குடின்னீங்க. இந்த மாசம் குடிக்காதங்கிறீங்க. அடுத்த மாசம் சேலையும் கட்டாதம்பீங்க போல!”

கத்தினேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெண்ணிடம் கத்தினேன். நாலு வார்த்தையில் காற்று தீர்ந்தது. மிச்சக் கோபம் முழுக்க உள்ளே இருக்க, தரையில் உட்கார்ந்து கரையில் போட்ட கெண்டை மாதிரி வாயைத் திறந்து மூடினேன். கோபப்படக்கூட எனக்கு வக்கில்லை.

அவள் சிரித்தாள். நான் நடிக்கிறேன் என்று நினைத்து நன்றாகச் சிரித்தாள். சிரிப்பின் நடுவில் இருமல் வந்தது. வறட்டு இருமல். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். டம்ளரை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

“எத்தனை நாளா?” என்று கேட்டேன்.

“பத்து நாள் இருக்குது” என்றாள். டம்ளரை எடுத்துப் போய்க் கழுவுதொட்டியில் ஊற்றினாள்.

அடுத்த வாரம் அதே குழாயில் அவள் ஊதினாள். நான் பக்கத்தில் நின்றேன். பாதிக்கு மேல் இருந்தது. இங்கேயே நிறுத்தினால் நிற்கலாம் என்றார் டாக்டர். நிற்கலாம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு வீட்டிலும் எட்டு மாதம் இருந்தோம். அந்த எட்டு மாதமும் வசந்தா என்னோடு பேசவில்லை. நியாயமான கோபம். எனக்கும் பேச மூச்சில்லை, வசதியாகப் போயிற்று.

உங்களுக்கு நான் சொல்ல வருவது ஒன்றுதான். டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கீரை, கஷாயம், பக்கத்து வீட்டுப் பொடி, வெட்கப்படாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். இயற்கைதானே என்று யாராவது சொன்னால் அவரை என்னோடு ஓரிக்கை மாடிப்படி ஏற அனுப்புங்கள்.

இப்போது கடையில் எனக்கு நாற்காலி. சேலையை வேறு ஒருவர் விரிக்கிறார். நான் விலை சொல்கிறேன். ஒரு வாக்கியம் எனக்கு இரண்டு மூச்சு. நீளமான வேடிக்கைகளைக் கைவிட்டாயிற்று. கடைக்கும் வீட்டுக்கும் எத்தனை நிமிடம் என்று யாராவது கேட்டால் ஏழு நிற்றல் என்கிறேன். கடிகாரம் மற்றவர்களுக்கு.

தீபாவளிக்கு வசந்தா வந்தாள். செல்வி தட்டில் பலகாரம் வைத்தாள். நான் எடுத்து நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“அண்ணி கொடுத்தா தின்றேன். நீங்க குடுக்கறத இனிமே எங்க வீட்டு நாய்கூட மோந்து பார்க்காதுணா.”

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். இருவருக்கும் ஒரே இடத்தில் காற்று தீர்ந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தபடி காத்திருந்தோம். செல்வி விசிறியோடு ஓடிவந்தாள்.

முதலில் மூச்சு வந்தது அவளுக்கு. நான் இன்னும் வாயைத் திறந்தபடி இருக்கும்போதே அவள் அதிரசத்தை எடுத்துக் கடித்துவிட்டாள்.