மகேஸ்வரி சொல்லாத சொல்

மகேஸ்வரி அவர்கள் மறைந்த செய்தி, எழுத்துப்பிழை பார்த்துத் தருமாறு கேட்கும் ஒரு வேண்டுகோளாகவே என்னிடம் வந்து சேர்ந்தது. சென்ற செவ்வாய்க்கிழமை காலை, பதுளையில் பதாகை அச்சிடும் கடைக்காரர் என் கைப்பேசிக்கு ஒரு படத்தை அனுப்பியிருந்தார். கூடவே அவரது குரல்: "மெடம், மரண வீட்டு பேனர். பத்து மணிக்கு அடிக்கணும். எழுத்து சரியான்னு பாத்து சொல்லுங்க."

படத்தைப் பெரிதாக்கினேன். வெற்றிக் கோட்டைக் கடந்த களைப்போடு, பல் தெரியச் சிரிக்கும் மகேஸ்வரி. கீழே இப்படி இருந்தது: "ஓட்டத்திலிருந்து அன்று விடைபெற்ற வீரமங்கை, இன்று உலகிலிருந்தும் விடைபெற்றார்."

பிழை எதுவும் இல்லை. வாக்கியத்தின் முதற்பாதி என் செய்தியிலிருந்து வந்தது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் எழுதியதை யாரோ இணையத்திலிருந்து எடுத்து, மறுபாதியைச் சேர்த்திருக்கிறார்கள். "சரி" என்று பதில் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான், எதற்குச் சரி சொன்னேன் என்பது உறைத்தது. கடைக்காரரை மறுபடி அழைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

மகேஸ்வரியை அறியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். அவர் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். பத்தாயிரம் மீற்றர் ஓட்டத்தில் நாட்டின் முதலிடத்தை இருமுறை வென்றவர். முப்பத்தைந்து வயதில், நான்கு மாத நோய்க்குப் பின் காலமானார்.

நான் அவரை முதன்முதலில் பேருந்தின் ஜன்னல் வழியாகவே கண்டேன். லுணுகலை மலைப்பாதையில், முடக்கு எனப்படும் ஒவ்வொரு திருப்பத்திலும் பேருந்து வளைந்து வளைந்து ஏறும். பதினேழு வயதுப் பெண்ணொருவர் தேயிலை நிரைகளுக்கிடையே உள்ள குறுக்குப் படிகளில் நேராக ஏறி ஓடி, பேருந்து ஒவ்வொரு முடக்கையும் அடையும்போது அங்கே இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். நடத்துனர் கதவில் தொங்கியபடி கத்தினார்.

"அந்தா நிக்கிது பாருங்க! ஏ புள்ள, டிக்கட் எடுத்துட்டு ஓடு!"

"ஒங்க பஸ்ஸுக்கு நான்தான் டிக்கட் குடுக்கணும்! மெதுவா வாங்கண்ணே, நான் நிக்கிறேன்!"

பேருந்தே சிரித்தது. அந்த வாரமே அவரைப் பற்றி முதற்செய்தியை எழுதினேன்.

என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்லாமல் இந்தக் கட்டுரை விளங்காது. நானும் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்தவள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கடைகளில் சாமான் சுற்றித்தந்த தாள்களை நீவி நீவிப் படித்தே தமிழ் கற்றேன். பத்திரிகையின் பிரதேச நிருபராக என் பெயர் அச்சில் வந்த நாள்முதல், என் வாக்கியங்களில் தோட்டத்துப் பேச்சின் ஒரு துளியும் ஒட்டிவிடக் கூடாதென்பதில் நான் கண்ணாயிருந்தேன். அதைப் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் வெற்றிக்குப் பின் மகேஸ்வரியை நாடே பார்க்கத் தொடங்கியது. கொழும்பின் பெரிய நிறுவனமொன்று தன் விளையாட்டு அணியில் இடமும் வேலையும் தருவதாகவும், வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்புவதாகவும் அறிவித்தது. போவாரா, மாட்டாரா? நாளுக்கொரு தலைப்பு. அவர் கோயிலுக்குப் போனால் ஒரு செய்தி, போகாவிட்டால் இன்னொரு செய்தி. இருமுறை வாய்திறந்து பேசியதற்கு நான்கு விதமாக எழுதப்பட்டதால், அவர் யாருக்கும் பேட்டி தர மறுத்தார். என்னை மட்டும் அழைத்தார். "நீங்க எங்க ஆளுக்கா. நான் சொல்றத சொன்ன மாதிரியே போடுவீங்க" என்றார்.

லயத்து அறையில் வலது காலை ஒரு பலகைமீது நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"எலும்புல கீறல் விழுந்திருக்காம்க்கா. ஆறு மாசம் ஓடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கொழும்பு அணியில சொல்லிட்டேன். எடத்த வச்சிருக்கோம், கால ஆத்திக்கிட்டு வான்னாங்க. ஆனா கால் கதைய பேப்பர்ல போடாதீங்க. ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல வந்துருவாங்க. இந்தத் தடவ நின்னுக்கிறேன்னு மட்டும் போடுங்க."

எங்கள் தோட்டங்களில் அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்க வேண்டியதில்லை. காய்ச்சல் வந்தால், காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு "இன்னைக்கு நின்னுக்கிறேன்" என்று சொல்லி அனுப்புவோம். பதிவேட்டில் பெயர் அப்படியே இருக்கும். உடம்பு தேறினால் மறுநாளே கொழுந்துக்கூடை முதுகில் ஏறும். என் தாயார் சொன்னதை நூறு தடவை கேட்டு வளர்ந்தவள் நான்.

ஆனால் எழுத உட்கார்ந்தபோது அந்தச் சொல் என் கண்ணுக்கு அழுக்காகத் தெரிந்தது. முதற்பக்கத்தில் வரப்போகும் செய்தியில் "நின்னுக்கிறேன்" என்றா எழுதுவது? "நின்றுகொள்கிறேன்" என்று மாற்றினேன், அழகில்லை. "ஒதுங்கிக்கொள்கிறேன்" என்றேன், கம்பீரம் போதவில்லை. கடைசியில் "கனத்த இதயத்துடன் ஓட்டத்திலிருந்து விடைபெறுகிறேன்" என்று அவர் வாயில் வைத்தேன். ஓசைக்கு இடைஞ்சலாக இருந்ததால் "இந்தத் தடவை" என்பதையும் எடுத்துவிட்டேன். முடித்துவிட்டு இருமுறை உரக்கப் படித்து மகிழ்ந்தேன்.

செய்தி வெளிவந்த அன்றே மூன்று தொலைக்காட்சி வாகனங்கள் லயத்தின் முன் வந்து நின்றன. காதலா, கலியாணமா, பயிற்றுநரோடு சண்டையா என்று ஒலிவாங்கிகள் நீண்டன. மகேஸ்வரியின் தாயார் வாசலை மறித்து நின்றார்.

"விடைபெறுறாங்களாமே அம்மா?"

"என்னா விடை? புள்ள கால நீட்டிக்கிட்டு உள்ள சோறு திங்கிது. போங்கய்யா, சாக்கடையில கால வச்சிராதீங்க!"

அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்து ஊர் சிரித்தது. என் தலைப்பைச் சொல்லிச் சொல்லி அறிவிப்பாளர் குரலை ஏற்றி இறக்கினார். நான் அதை என் வீட்டாரை அழைத்துக் காட்டினேன் என்பதை இங்கே எழுதக் கை கூசுகிறது.

நான்காம் நாள் மகேஸ்வரி நொண்டியபடி பதுளைக்கு என் வீடு தேடி வந்தார்.

"அக்கா, எடத்த வேற பிள்ளைக்குக் குடுக்கப் போறாங்களாம். நீதானே விடைபெறுறேன்னு சொன்னியேன்னு கேக்குறாங்க. பேப்பர்லயே ஒரு மறுப்பு வந்தா, அத மேல காட்டிப் பேசுறேன்னு பயிற்றுநர் சொல்றாரு. ஒரு வரி போடுங்கக்கா. நின்னுக்கிறேன்னுதான் சொன்னேன்னு, ஒரே ஒரு வரி."

ஒரு வரி. பாராட்டுக் கடிதங்கள் மேசைமேல் கிடந்தன. என் தமிழ் பிழைபட்டதென்று என் பெயரிலேயே அச்சிடுவதா?

"நீ தெளிவா சொல்லியிருக்கணும் மகேஸ். நின்னுக்கிறேன்னா கொழும்புல யாருக்கு வெளங்கும்? ஆசிரியர் பீடத்துல மறுப்பு போடமாட்டாங்க."

ஆசிரியர் பீடத்தை நான் கேட்கவே இல்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

அவர் "சரிங்கக்கா" என்று எழுந்து, படிகளில் பக்கவாட்டாக ஒவ்வொன்றாக இறங்கிப் போனார். பேருந்துக்கு முன்னே ஓடிப்போய் நின்றவர், அன்று ஐந்து படிகளுக்கு எடுத்துக்கொண்ட நேரத்தை நான் மறக்கவில்லை.

இடம் கைமாறியது. ஆறு மாதத்தில் கால் ஆறியது. ஆனால் விடைபெற்றவரை எவரும் திரும்ப அழைக்கவில்லை. மாகாணப் போட்டிகள் இரண்டில் ஓடினார். அதற்கு வாகனங்கள் வரவில்லை. பிறகு தேயிலைத் தொழிற்சாலையில் சலிக்கும் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தார்.

பதுளை பேருந்து நிலையத்தில் அவ்வப்போது சந்திப்போம். பேருந்து புறப்படும்போது ஜன்னலில் தலைநீட்டி, இரு கைகளையும் குவித்து, செய்தி வாசிப்பவர் குரலில் "கனத்த இதயத்துடன் விடைபெறுகிறேன், அக்கா!" என்பார். அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். ஒருமுறைகூட அவர் வேறு சொல் சொல்லி என்னிடமிருந்து போனதில்லை. அது கேலியா, மன்னிப்பா, நினைவூட்டலா என்று கேட்கும் நேர்மை எனக்கு இருக்கவில்லை. நோயுற்றிருந்தபோது வரச் சொல்லி ஆளனுப்பினார். மழையைக் காரணம் சொல்லிப் போகாதிருந்தேன்.

அடக்கத்துக்குப் போனேன். தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கில் வெள்ளைக் கொடிகளுக்கு நடுவே அந்தப் பதாகை கட்டப்பட்டிருந்தது. நான் சரி சொன்ன எழுத்துகள், பிழையின்றி. அவருடைய அண்ணன் சிவகுமார் என்னை வரவேற்று, "எழுத்து பாத்துக் குடுத்தீங்களாம், ரொம்ப நன்றிங்கக்கா" என்றார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. அதே முடக்கில் வைத்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பதாகையின் தளர்ந்த கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டுப் பேசினார்.

"தங்கச்சி ஒருநாளும் ஒங்கள குத்தம் சொல்லலக்கா. 'எனக்குத்தான் பேசத் தெரியல, அக்கா அப்பவே சொன்னாங்க'ன்னு சொல்லும். அதுக்கப்பறம் யாரு மைக்க நீட்டினாலும் வாயத் தொறக்காது." பிறகு கேட்டார்: "அந்த ஒரு வரிய இப்பவாச்சும் போடுவீங்களாக்கா?"

போடுகிறேன், சிவகுமார்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் என் பெயரில் வெளிவந்த செய்தியில், ஓட்ட வீராங்கனை மகேஸ்வரி "ஓட்டத்திலிருந்து விடைபெறுகிறேன்" என்று கூறியதாக எழுதியது தவறு. அவர் அப்படிச் சொல்லவில்லை. அவர் சொன்னது: "இந்தத் தடவ நின்னுக்கிறேன்." அது தெளிவான தமிழ். எனக்கு அது அன்றே விளங்கியிருந்தது.

இத்தகைய கட்டுரையை முடிக்க எனக்குப் பல சொற்கள் தெரியும். அவற்றுள் ஒன்றை மட்டும் இனி நான் யாருக்கும் எழுதமாட்டேன். அடக்கம் முடிந்து திரும்புகையில் பேருந்து அதே பாதையில் வளைந்து வளைந்து சென்றது. ஒவ்வொரு முடக்கிலும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். குறுக்குப் படிகள் ஏறி எங்களுக்கு முன்னே போயிருப்பார் என்றே தோன்றியது. நில்லுங்கள், மகேஸ்வரி. நாங்கள் மெதுவாகத்தான் வருகிறோம்.