மோகன் ஓட்ட வேண்டிய கார்

ஐப்பசி மழையில், வந்தவாசி சாலையில் லாரி மோதி மோகன் செத்துப்போனான். அவன் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த பழைய பியட் கார் உத்திரமேரூர்ப் பட்டறையிலேயே நின்றது. அது காஞ்சிபுரம் பட்டுக்கடைக்காரர் பிரேம்நாத்தின் கார். சிம்லாவுக்கு மேலே தை மாதப் பனியில் பழைய கார்களுக்கு ஒரு போட்டி நடக்க இருந்தது. மோகன் ஓட்டுவதாகவும் பிரேம்நாத் பக்கத்தில் இருந்து வழி சொல்வதாகவும் பேச்சு.

கருமாதி முடிந்து காரை எடுத்துப்போக வந்தவர், போட்டிக்குப் போகவில்லை என்றார்.

"நான் ஓட்றேன் சார்" என்றாள் மோகனின் மனைவி கஸ்தூரி. அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஊர் என்ன பேசும் என்று அவள் அண்ணன் தாண்டவராயன் குதித்தான். மாமியார் சுலோச்சனாதான் போகட்டும் என்றாள். மருமகள் இதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதது அவளுக்குப் பயமாயிருந்தது.

பிரேம்நாத்தும் ஒத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அது வேகப் போட்டி இல்லை. சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போவதுபோலவே கஸ்தூரி ஓட்டினாள். மலையெல்லாம் வெள்ளையாய்க் கிடந்தது. பார்த்தாள், அவ்வளவுதான்.

இரண்டாம் நாள், ஒரு வளைவில் காரின் பின்பக்கம் பள்ளத்தை நோக்கி வழுக்கியது. அவள் பிரேக்கை மிதிக்காமல் வழுக்கிய பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பினாள். ஏரிக்கரைச் சேற்றில் மோகன் சொல்லிக்கொடுத்தது. விளிம்பிலிருந்த பனிமேட்டில் முட்டி கார் நின்றது.

பிரேம்நாத் மோகனின் பெயரைச் சொல்லி அழ ஆரம்பித்துவிட்டார். யாரோ ஒருவனுக்காக அழுவதைப்போல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்கு பயமா இல்லியாம்மா?"

"இல்ல சார். பயமாவது வரும்னு பாத்துக்கினு கீறேன். அதுவும் வரல."

சாலைப் பணியாளர்கள் கயிறு கட்டி இழுத்துவிட்டார்கள். கடைசிக்கு முந்தின ஆளாகப் போய்ச் சேர்ந்தார்கள். கழுத்தில் பதக்கம் போட்டுப் படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னதும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது குளிரில் அவள் விரல்கள் வெடித்துத் தோல் உரிந்திருந்தன. சுலோச்சனா தேங்காயெண்ணெய் கொண்டுவந்து தடவினாள். பனி எப்படியிருந்தது என்று கேட்டாள்.

"குளுரா இருந்திச்சி அத்த."

தடவிக்கொண்டே இருந்தவள் திடீரென்று தலையைக் குனிந்துகொண்டு விம்மினாள். கஸ்தூரி அவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு கையையும் நீட்டினாள்.